ஊர்ப் பூங்காவையும் சரிவையும் ஓடைக்கரையையும் பிரதேச சபை பராமரிக்க வைப்பது எப்படி

எங்கள் நகரின் பஸ் தரிப்பிடத்துக்கு மேலே ஒரு சிறுவர் பூங்கா இருக்கிறது. அது திறக்கப்பட்ட நாளில் பெயர்ப்பலகைக்கு மாலையிட்டார்கள், பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார்கள், நானும் அங்கே நின்றேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது ஊஞ்சலின் ஒரு பக்கச் சங்கிலி அறுந்திருந்தது. மேல்பக்கச் சரிவிலிருந்து வழிந்து வந்த மண் சறுக்குமரத்தின் அடியை முழங்கால் உயரத்துக்கு மூடியிருந்தது. கீழ்ப்பக்க மதிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்தது. நாங்கள் சிலர் சேர்ந்து பிரதேச சபைக்கு மூன்று கடிதங்கள் எழுதினோம். பதில் வரவில்லை. நான்காவதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் விடயம் விளங்கியது: மண் சரிந்து வந்த மேல்பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு உரியது, வெடித்த மதில் பிரதான வீதியின் ஒதுக்கத்துக்குள் நிற்கிறது, சபையின் கையில் இருப்பது நடுவிலுள்ள சமதரை மட்டுமே. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவரிடமே மூன்று தடவை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த அனுபவத்துக்குப் பின் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். சங்கம், வாசகர் வட்டம், கோயில் பரிபாலன சபை, இளைஞர் கழகம் என்று எந்தப் பெயரில் கூடினாலும் சரி, ஐந்தாறு பேர் பொறுமையோடு முயன்றால் இந்த வேலையைச் செய்து முடிக்கலாம்.

நிலம் யாருடையது என்பதிலிருந்து தொடங்குங்கள்

இலங்கையின் மலையகத்தில் ஒரு துண்டு நிலத்தைப் பார்த்தவுடன் அது யாருடையது என்று சொல்லிவிட முடியாது. நுவரெலியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரின் நடுவிலுள்ள விக்டோரியா பூங்கா மாநகர சபையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள கல்வேஸ் லேண்ட், 2006 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருகிறது. பதுளை வீதியில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் போனால், 1861 இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூங்காவைத் தேசிய தாவரவியல் பூங்காத் திணைக்களம் நடத்துகிறது. பார்க்க வருபவருக்கு மூன்றும் பூங்காதான். முறைப்பாடு எழுத வேண்டிய இடங்களோ மூன்று.

நகர எல்லையைத் தாண்டினால் சிக்கல் கூடுகிறது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 முதல் அவற்றிற் பெரும்பாலானவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. ஆகவே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு அருகிலுள்ள விளையாட்டுத் திடலோ, சுடுகாட்டுக்குப் போகும் பாதையோரமோ, ஊற்றுநீர் விழும் பீலிக்கரையோ, அரச காணியாக இருந்துகொண்டே கம்பனியின் குத்தகைக்குள் அடங்கியிருக்கும். தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்கு, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு நெடுங்காலம் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. “தோட்டத்துக்குள் சபை வர முடியாது” என்ற பதில் இன்றும் சில இடங்களில் பழக்கத்தால் வந்துவிடுகிறது. அப்படி வந்தால் 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் கடிதத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். இருந்தாலும் தோட்ட முகாமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்று இணைத்துக் கொடுத்தால் வேலை விரைவாக நடக்கும். இல்லாவிட்டால் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவெடுக்க வரும் நாளில் வாசலிலேயே திரும்ப நேரிடும்.

நிலத்தின் உரிமையை அறிய மூன்று இடங்களுக்குப் போக வேண்டியிருக்கும். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும், ஆனால் வாய்மொழியாகச் சொல்வதோடு நின்றுவிடக்கூடாது. அடுத்தது பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு. அங்கே நில அளவைப் படத்தின் இலக்கத்தையும் துண்டு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலம் வீதியோரத்தில் இருந்தால் அந்த வீதி எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதும் தெரிய வேண்டும். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா செல்லும் ஏ 7 போன்ற ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும், சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கும் உரியவை. சபையின் பதிவேட்டில் உள்ள உள்ளூர்ப் பாதைகளுக்கு மட்டுமே சபை நேரடிப் பொறுப்பு.

கேட்டும் பதில் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையிலும் பிரதேச செயலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம், கோரிக்கை கிடைத்ததற்கான எழுத்து மூல ஒப்புதலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கேள்வி சுருக்கமாக இருந்தால்தான் பயன் உண்டு. “பூங்காவுக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை” என்பதற்கு யாராலும் பதில் எழுத முடியாது. “இன்ன பூங்கா அமைந்துள்ள காணியின் நில அளவைப் படத்தின் பிரதியும், கடந்த இரண்டு ஆண்டுகளில் அதன் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்ட தொகையும் செலவிடப்பட்ட தொகையும்” என்று கேட்டால் பதில் ஒரு தாளில் வந்துவிடும். எங்கள் ஊரில் அந்த ஒரு தாள் வந்தபோதுதான், பூங்காவைக் கட்டுவதற்குப் பணம் ஒதுக்கியவர்கள் அதைப் பராமரிக்க ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை என்பது தெரியவந்தது. மலையகப் பூங்காக்கள் பல அழிவது இதனால்தான் என்று நான் நம்புகிறேன். புதிய பூங்கா கேட்பதை விட, இருக்கும் பூங்காவுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையையும் பொறுப்பான ஓர் ஆளையும் கேட்டுப் பெறுவதே பெரிய வெற்றி.

கடிதம்

சபைக்குப் போகும் கடிதத்தில் ஓர் இடம், ஒரு குறை, ஒரு கோரிக்கை என்று அடக்கிக்கொள்ளுங்கள். வீதி விளக்கு, குப்பை, தண்ணீர், பூங்கா எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால், அது எந்த மேசையில் வைக்கப்பட வேண்டும் என்று தெரியாமல் எல்லா மேசைகளிலும் கிடக்கும். கடிதத்தைத் தவிசாளருக்கு முகவரியிட்டு, பிரதியைச் செயலாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் அனுப்புங்கள். உறுப்பினர்கள் மாறினாலும் கோப்பைக் காப்பவர் செயலாளர்தான் என்பதை மறக்க வேண்டாம். எங்கள் ஐந்தாவது கடிதத்தின் நடுப்பகுதி இவ்வாறு இருந்தது:

“மேற்படி பூங்காவின் மேல் எல்லையில் 40 அடி நீளமான கான் (வடிகால்) ஒன்று உள்ளது. அது மண்ணால் முற்றாக மூடப்பட்டிருப்பதால், மழைநீர் பூங்காவுக்குள் இறங்கி விளையாட்டு உபகரணங்களின் அடித்தளத்தை அரித்து வருகிறது. கானின் மேற்பகுதி தோட்டக் காணிக்குள் அடங்குவதால் முகாமையாளரின் சம்மதக் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளோம். எதிர்வரும் மழைக்கு முன்னர் கானைத் துப்புரவு செய்து தருமாறும், அதன்பின் ஆண்டுக்கு இருமுறை துப்புரவு செய்வதைச் சபையின் வேலைத் திட்டத்தில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். துப்புரவு நாளில் எமது அங்கத்தவர்கள் பத்துப் பேர் உதவிக்கு வருவார்கள்.”

அளவையும் காலத்தையும் நாங்கள் செய்யக்கூடியதையும் எழுதியதால்தான் அந்தக் கடிதம் நகர்ந்தது. இரண்டு புகைப்படங்களையும் இணைத்தோம். ஒன்று தூரத்திலிருந்து இடம் தெரியும்படி, மற்றது கானுக்குள் ஓர் அடிமட்டத்தை நிறுத்தி மண்ணின் ஆழம் தெரியும்படி. பதிவுத்தபாலில் அனுப்பிய துண்டை ஒரு கோப்பில் ஒட்டிவையுங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

சபைக்குள் நுழைய இன்னொரு வழியும் உண்டு. பிரதேச சபைகள் அமைக்கும் குழுக்களில் சுற்றாடலுக்கும் வசதிகளுக்குமான குழுவும் ஒன்று. அதில் உறுப்பினர்களோடு பகுதி மக்களையும் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. நுவரெலியா மாவட்டத்தில் அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவை தனிச் சபைகளாகி 2018 தேர்தலோடு இயங்கத் தொடங்கியதால், முன்பு மிகப் பரந்த எல்லைக்குள் தொலைந்துபோன சிற்றூர்களின் குரல் இன்று சபை மண்டபத்துக்குக் கொஞ்சம் அருகில் வந்திருக்கிறது. 2025 மே மாதத் தேர்தலின் பின் அமைந்த சபைகளில் முதன்முறை உறுப்பினரானவர்கள் பலர். அவர்களைப் பூங்காவுக்கே அழைத்துச் சென்று காட்டுங்கள். மதிலின் வெடிப்பைக் கையால் தொட்டுப் பார்த்தவர் அதைக் கூட்டத்தில் பேசும் விதமே வேறு.

சரிவும் கானும்

மலையகத்தில் பொது நிலத்தைப் பராமரிப்பது என்றால் முதலில் தண்ணீரைப் பராமரிப்பதுதான். பூச்செடி வாடினால் அடுத்த மாதம் நடலாம். மேல்மண் ஒருமுறை ஆற்றில் இறங்கினால் திரும்பி வராது. அக்கரப்பத்தனைப் பக்கத்து ஓடை கொத்மலை ஓயாவில் கலந்து, தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குள் நுழைகிறது. நாம் கானில் விட்ட மண்ணும் பொலித்தீனும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. மண் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று 1951 ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் இயற்றப்பட்டது என்பதைச் சபைக்கு நினைவூட்டுவதில் தவறில்லை.

சரிவில் கானோ செடிவரிசையோ அமைக்கும்போது அது சமவுயரக் கோட்டை ஒட்டியே செல்ல வேண்டும். கண்ணளவில் செய்தால் நிச்சயம் பிழையாகிவிடும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆறேழு அடி நீளமான இரண்டு கம்புகளை மேலே ஒன்றாகக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் குறுக்காக ஒரு கம்பைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைத் தொங்கவிட்டு, நூல் குறுக்குக் கம்புக்குக் கீழே இறங்கும்படி விடுங்கள். சட்டத்தை நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு இரண்டு கால்களையும் இடம் மாற்றி, முன்பு நின்ற அதே புள்ளிகளில் வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே போடும் மூன்றாவது கோடுதான் மட்டம். இனிச் சரிவில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, நூல் அந்த நடுக்கோட்டில் வந்து நிற்கும்வரை மற்றக் காலை மேலும் கீழுமாக நகர்த்துங்கள். நின்ற இடத்தில் ஒரு குச்சி அடியுங்கள். அதே இடத்தை அடுத்த அடிக்குத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். குச்சிகளின் வரிசை ஒருபோதும் நேர்கோடாக வராது, மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து போகும். அதைக் கண்டு நேராக்க முயல வேண்டாம். காற்று அடிக்கும் நேரத்தில் கல் ஆடும், ஆகவே காலை வேளையே இதற்கு நல்லது.

கான் வெட்டிப் பழகியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். கானுக்குள் இடையிடையே, கானின் விளிம்பை விடத் தாழ்வான சிறு மண் தடைகளை விட்டு வெட்டும் முறையை அவர்களிடம் கேட்டால் காட்டித் தருவார்கள். தண்ணீர் ஒவ்வொரு தடைக்கும் பின்னால் சற்று நின்று, மண்ணைப் படியவிட்டு, தெளிந்த பிறகு அடுத்ததற்குள் வழியும். படிந்த மண்ணை அள்ளும்போது கானின் மேல்பக்கத்தில் போட வேண்டும். கீழ்ப்பக்கத்தில் போட்டால் அடுத்த மழையில் அது கீழேயுள்ளவரின் வாசலுக்குப் போகும். சபையின் தொழிலாளர்கள் அவசரத்தில் இதைக் கவனிக்காமல் விடுவதுண்டு. துப்புரவு நாளில் நம்மில் ஒருவர் அருகில் நின்று பணிவாக நினைவூட்டினால் போதும்.

கானின் கீழ் விளிம்பில் வெட்டிவேர் நடலாம். ஒரு தூரைப் பிரித்து, இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்த துண்டுகளாக்கி, இலைகளை அரையடி விட்டு வெட்டி, நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில் நெருக்கமாக நட வேண்டும். இடைவெளி கூடினால் தண்ணீர் அந்த இடைவெளியைத்தான் தேடும். அதன் வேர் பக்கவாட்டில் படராமல் ஆழமாக, ஆறடிக்கும் கீழே இறங்கும் என்பதால் பக்கத்துச் செடிகளுக்கு இடையூறு இல்லை. நுவரெலியாவின் குளிரில் அது மெதுவாகவே வளரும். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் நன்றாக வளரும். தோட்டங்களில் மீள்நடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்காக வளர்க்கும் மானாப்புல்லையும் குவாத்தமாலாப் புல்லையும் அவ்வப்போது வெட்டி மூடாக்காகப் போட்டால், வெற்று மண்ணில் மழைத்துளி நேரடியாக விழாது.

மழையை அளப்பதையும் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். மண்சரிவு அபாயப் பகுதிகளில், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராகவும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறவும் வேண்டும் என்பதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நமக்குச் சொல்லும் கணக்கு. பக்கங்கள் நேரான ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அளவு குறைவாக இருந்தாலும், நிமிர்ந்து நின்ற மரம் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, ஓடும் ஊற்று திடீரென நின்றுபோவது அல்லது கலங்குவது, நிலத்தில் புதிய வெடிப்புத் தோன்றுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பார்த்தோம். பூங்காச் சரிவில் வெடிப்பு இருந்தால் அதைச் செடியால் மறைக்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தை அழைத்துப் பார்வையிடச் செய்யும்படி சபையிடம் எழுதிக் கேளுங்கள்.

மரம் நடுவதும் வெட்டுவதும்

மரநடுகை விழா பெரும்பாலும் யாரோ ஒருவருக்கு வசதியான நாளில் நடக்கிறது. மழையைக் கேட்டு நடப்பதில்லை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது நடுவது நல்லது. பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கம் ஒக்டோபர், நவம்பர் மாதங்களே ஏற்றவை. அங்கே ஆடியில் நட்ட கன்றைக் கச்சான் எனும் வறண்ட காற்று உலர்த்திவிடும். நுவரெலியாவில் நட்ட கன்றுகளை முதல் ஜனவரி, பெப்ரவரி உறைபனியிலிருந்து காக்க, மாலையில் சாக்காலோ புல்லாலோ மூடி காலையில் எடுக்க வேண்டும்.

சவுக்கும், டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸும் விரைவாக வளர்வதால் அவற்றைக் கொடுக்கவே எல்லோரும் முன்வருவார்கள். விறகுக்கும் காற்றுத் தடுப்புக்கும் அவை பயன்படும், மறுப்பதற்கில்லை. ஆனால் பீலிக்கு மேலேயும் ஊற்றுக் கண்ணுக்கு அருகிலும் டர்பன்டைன் நடுவதற்குச் சம்மதிக்க வேண்டாம். அந்த இடங்களுக்கு அந்தந்த உயரத்துக் காட்டு மரங்களே பொருந்தும். உயர்ந்த பகுதிகளில் சிங்களத்தில் கீன என்று சொல்லப்படும் மரமும், காட்டு நாவல் வகைகளும், செந்நிறப் பூக்கொத்துடைய மகரத்மலும். கீழே நாவலும் பலாவும் ஓடையோர மருதும். பத்துக் கன்று நட்டு இரண்டு ஆண்டு களை பிடுங்குவது, நூறு நட்டுப் படம் எடுப்பதை விட மேல். வேலியோரத்தில் நாயுண்ணியும், உயர்ந்த பகுதிகளில் யூலெக்ஸ் என்ற மஞ்சட்பூ முட்செடியும் தலைகாட்டினால், விதை விழுமுன் வேரோடு எடுத்துவிடுங்கள்.

ஆபத்தான மரத்தை வெட்டுவது தனி விடயம். பலா, ஈரப்பலா மரங்களை வெட்டுவதற்குச் சட்டப்படி அனுமதி வேண்டும். பொது நிலத்து மரம் எதுவானாலும் சபையோ நாமோ நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது, பிரதேச செயலகத்தின் வழியாகவே போக வேண்டும். மரம் முழுவதையும் வெட்டும்படி எழுதுவதற்கு முன், எந்தக் கிளை எந்தக் கூரையின் மேல் சாய்கிறது என்று காட்டி, அந்தக் கிளையை மட்டும் அகற்றும்படி கேட்டுப் பாருங்கள். அனுமதியும் சுலபம், மரமும் மிஞ்சும்.

விக்டோரியா பூங்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1897 இல் விக்டோரியா மகாராணியின் ஆட்சி வைரவிழாவையொட்டிப் பெயரிடப்பட்ட அந்தப் பூங்காவுக்கு, பூப்பாத்திகளுக்காக மட்டுமன்றிப் பறவைகளுக்காகவும் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். இமயத்தில் காஷ்மீரப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தை நம் மலைகளில் கழிக்கிறது. நம்மவர் ஆறுமணிக்குருவி என்று சொல்லும் வண்ணப் பறவையும் அந்த மாதங்களில் அங்கே தரையில் தத்தித் திரியும். இவை பூப்பாத்தியைத் தேடுவதில்லை. ஓடையோரத்துப் புதர், அதனடியில் மக்கும் சருகு, சருகுக்குள் இருக்கும் புழு, இவைதான் அவற்றின் பந்தி. ஆகவே உங்கள் பூங்காவைத் துப்புரவு செய்யும்போது பொலித்தீனையும் போத்தலையும் எடுத்துவிட்டு, ஒரு மூலையிலேனும் புதரையும் சருகையும் அப்படியே விட்டுவிடும்படி தொழிலாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சருகைக் குவித்து எரிப்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. மீதியைக் குழியிலிட்டால் ஆறு மாதத்தில் பசளை.

விலங்குகள்

தோட்டங்களில் நாம் புலி என்று சொல்வது சிறுத்தையைத்தான். அது தேயிலை மலைகளின் உச்சிக் காடுகளிலும் ஓடைக்கரைக் காடுகளிலும் வாழ்ந்துகொண்டு, இரவில் தேயிலைக்குள் நடக்கிறது. குப்பை மேடு இருந்தால் நாய்கள் கூடும், காட்டுப்பன்றி வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். லயத்துக்கு அருகே சிறுத்தை நடமாட்டம் என்று சபைக்கு எழுதும்போது, அருகிலுள்ள குப்பை மேட்டையும், இறைச்சிக் கடைக் கழிவு கொட்டப்படும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். குப்பை சபையின் நேரடிக் கடமை, விலங்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் கடமை. திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.

மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க வைக்கும் சுருக்குக்கம்பி பன்றியை மட்டும் பிடிப்பதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அத்தகைய கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்து மாட்டிக் கிடந்தது. மீட்டுக்கொண்டு போய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்துபோனது. நம் மலைகளில் அப்படியொரு விலங்கு வாழ்ந்தது என்பதையே பலர் அன்றுதான் அறிந்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை, பகல் நேரத்தில், மூன்று நான்கு பேராக ஓடைக்கரையையும் காட்டோரத்தையும் நடந்து பாருங்கள். கம்பி பெரும்பாலும் பழைய சைக்கிள் பிரேக் கேபிளாக இருக்கும். விலங்கு போய்ப் போய்த் தேய்ந்த ஒற்றையடித் தடத்தில், முழங்கால் உயரத்தில், கிளையோடு கட்டப்பட்டிருக்கும். வெறுங்கம்பியைக் கண்டால் படமெடுத்து, திணைக்களத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்வதற்கிணங்க அகற்றுங்கள். விலங்கு சிக்கியிருந்தால் ஒருவரும் அருகில் போகக்கூடாது. 1992 க்கு அழைத்துவிட்டு, கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்வதே நாம் செய்யக்கூடிய பேருதவி. கூச்சலுக்குப் பயந்து விலங்கு திமிறத் திமிறக் கம்பி இன்னும் இறுகும்.

குளவிக்கூடு பற்றிய முறைப்பாடுகளும் சபைகளுக்கு வருகின்றன. நாம் குளவி என்று சொல்வது பல இடங்களில் மரக்கொப்பிலும் பாறையிலும் கூடு கட்டும் பெரிய மலைத்தேனீதான். கூட்டைக் கல்லால் அடிக்கவோ பகலில் புகை போடவோ யாரையும் விடாதீர்கள். பூங்கா மரத்தில் கூடு இருந்தால், அதற்குக் கீழேயுள்ள பகுதியைக் கயிறு கட்டி மறித்து, தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் வைக்கும்படி சபையிடம் கேளுங்கள். யாரையாவது கொட்டிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு கட்டடத்துக்குள் போகச் செய்து, மூச்சு முட்டினாலோ கொட்டுப் பல என்றாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை.

பாதீட்டுக்கு முன்

சபையின் அடுத்த ஆண்டுக்கான பாதீடு, அதாவது வரவு செலவுத் திட்டம், ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றப்படும். அதன் தயாரிப்போ அதற்குப் பல வாரங்கள் முன்னரே தொடங்கிவிடும். ஆகவே பராமரிப்புக்கான கோரிக்கையைச் செப்டெம்பருக்குள் கையளித்துவிடுங்கள். டிசம்பரில் கொடுத்த கடிதம் ஓராண்டு காத்திருக்கும். கோரிக்கையில் கான் துப்புரவு இருமுறை, புல்வெட்டு மாதம் ஒருமுறை, விளையாட்டு உபகரணங்களின் ஆணிகளையும் சங்கிலிகளையும் காலாண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். அவற்றைச் செய்யும் ஊழியரின் பதவிப் பெயரையும் குறிக்கச் சொல்லுங்கள். பூங்காவிலேயே ஒரு கொப்பி வையுங்கள். யார் எந்தத் திகதியில் என்ன செய்தார் என்று அதில் இரண்டு வரி எழுதினால், அடுத்த ஆண்டுப் பாதீட்டுக்கு அதுவே சாட்சி.

எங்கள் பூங்காவில் கான் திறந்தாயிற்று. தோட்டத்து ஐயா ஒருவர் இரண்டு நாள் நின்று எங்களுக்குத் தடை விட்டு வெட்டக் காட்டிக் கொடுத்தார். ஊஞ்சலுக்குப் புதுச் சங்கிலி வந்துவிட்டது. சறுக்குமரத்தின் அடியில் மூடிக் கிடந்த மண்ணை அள்ளி மேல்பக்கத்தில் போட்டு, அதில் வெட்டிவேர் நட்டிருக்கிறோம். வெடித்த மதிலுக்கான கடிதம் வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. பதிவுத்தபால் துண்டு கோப்பில் இருக்கிறது. பதில் வரும்வரை மதிலுக்குக் கீழே பிள்ளைகள் விளையாடாதபடி கயிறு கட்டி வைத்திருக்கிறோம்.